வரைந்தவர், கட்டியவர்: கொழும்பில் சில நாட்கள்

திங்கள்

இரவு பஸ் விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்கிவிட்டது. சித்தி வீட்டில் குளித்து, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, எட்டரைக்கெல்லாம் தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் புறப்பட்டோம். சித்தப்பாவும் கூடவே வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் கொழும்பில் இருந்தும் அந்த வாசலுக்குள் ஒருநாளும் போனதில்லையாம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நாங்கள் வரையும் ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் ஒரு கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், அளவுத்திட்டம், திகதி. கட்டப்போகிற மேசனின் பெயருக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை. என் அப்பா மேசன். அவர் எழுப்பிய வீடுகள் ஊரில் இன்னும் நிற்கின்றன. அவர் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. கொழும்பின் பழைய தாள்களையும் படங்களையும் பார்க்க வேண்டும், அவற்றில் யார் யாருடைய கைகள் தெரிகின்றன என்று தேட வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். அதற்காகத்தான் இந்த விடுமுறை.

அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்து, பைகளை வெளியே வைத்துவிட்டு, பென்சிலும் தாளுமாக வாசிப்பு அறைக்குள் போனோம். பேனைக்கு அனுமதி இல்லை. ஒரு துளி மை சிந்தினால் பிறகு ஒன்றும் செய்ய இயலாத தாள்கள் அவை.

ஒல்லாந்தர் 1640 முதல் 1796 வரை கரையோரங்களை ஆண்ட காலத்து ஆவணங்கள் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக இங்கே இருக்கின்றன. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தபோது, நெதர்லாந்து, இந்தியா, இந்தோனேசியா, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகளோடு இலங்கையின் தொகுதியும் அதில் இடம்பெற்றது. அவ்வளவு பெறுமதியான பொருள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், யாரும் போய்க் கேட்கக்கூடிய இடத்தில் இருக்கிறது. அன்று காலை வாசிப்பு அறையில் பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

நான் கேட்டது தோம்பு. யாழ்ப்பாணத்தில் பழைய காணி உறுதி புரட்டியவர்களுக்குத் தோம்பைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஒல்லாந்தர் ஊர் ஊராகப் போய் எழுதிய காணிப் பதிவும் ஆட்பதிவும் அது. தோட்டத்தின் பெயர், உடையவர், வீட்டில் யார் யார், அவர் கம்பனிக்குச் செய்ய வேண்டிய ஊழியம் என்ன, தென்னை எத்தனை, பலா எத்தனை, கமுகு எத்தனை என்று போகும். வரி வாங்கவும் வேலை வாங்கவும் எழுதிய கணக்குத்தான். ஆனாலும் அரசனும் தேசாதிபதியும் இல்லாமல், தன் வளவில் இரண்டு பலாமரம் வைத்திருந்த ஒருவனின் பெயர் இருநூற்றைம்பது வருடம் கழித்து என் முன்னால் கிடக்கிறது என்றால் அது அந்தக் கணக்கின் புண்ணியம்.

ஒரு தாளைக் கிட்ட வைத்துப் பார்த்தேன். மை கபில நிறமாகியிருந்தது. அந்தக் காலத்து மை இரும்பு உப்பும் மரத்தின் துவர்ப்புச் சாறும் சேர்த்துச் செய்தது; நாள்பட நாள்பட அது புளித்துத் தாளையே அரிக்கும். இறகுப் பேனையை அழுத்தி இழுத்த இடங்களில் தாள் விட்டுப் போயிருந்தது. எழுத்து நின்ற இடத்தில் அதே எழுத்தின் வடிவில் ஓட்டை. அதற்குள்ளால் அடுத்த தாளின் வரி தெரிந்தது. சில பக்கங்களுக்கு இரண்டு புறமும் மெல்லிய திசுத்தாள் ஒட்டிக் காப்பாற்றியிருந்தார்கள். அதைத் தடவிப் பார்க்கக் கை துருதுருத்தது; தொடவில்லை. கொழும்பின் வெக்கையிலும் கடற்காற்றின் ஈரத்திலும் இவ்வளவு மிஞ்சியிருப்பது அங்கே வேலை செய்பவர்களின் உழைப்பு. அவர்களை யாரும் வந்து பாராட்டுவதில்லை, ஆகையால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டச்சு எனக்குத் தெரியாது. பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டி வாசித்தேன். சித்தப்பா ஒரு பெயரில் விரலை நீட்டி, "பிள்ளை, உது எங்கட ஆக்களின்ர பெயர் மாதிரியெல்லே கிடக்கு?" என்றார். மத்தியானம் வரை அந்த ஒரு பக்கத்தை விட்டு அவர் நகரவில்லை.

செவ்வாய்

தேசிய நூதனசாலை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வந்தபோது கண்டி அரசரின் சிம்மாசனத்தைப் பார்த்ததோடு சரி. இந்த முறை கட்டடத்தைப் பார்க்க வந்தேன்.

தேசாதிபதி வில்லியம் கிரெகரி எடுத்த முயற்சி; 1877 ஜனவரி 1இல் திறந்தார்கள். வரைந்தவர் பொதுவேலைத் திணைக்களத்துக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் ஸ்மிதர். அனுராதபுரத்துத் தாதுகோபுரங்களையும் இடிபாடுகளையும் அளந்து வரைந்த அதே ஸ்மிதர்தான். 1894இல் நூலாக வந்த அந்த வரைபடங்களை என்னைப் போன்றவர்கள் பார்த்தே தீர வேண்டும். உடைந்த தூணை உடைந்தபடியே வரைந்திருப்பார். இல்லாத துண்டைத் தன் கற்பனையால் ஒட்ட மாட்டார். பிற்பாடு பல இடிபாடுகள் திருத்தப்பட்டு உருமாறிவிட்டன. அவை முன்பு எப்படிக் கிடந்தன என்று அறிய இன்று அவருடைய கோடுகள்தான் துணை.

கட்டியவர் வாப்புச்சி மரைக்கார். கொழும்பு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ஒப்பந்தக்காரர். நூதனசாலை மட்டுமல்ல, புறக்கோட்டையின் பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதுதான். அதன் படமும் ஸ்மிதருடையது. திறப்பு விழாவில் கிரெகரி மரைக்காரை அழைத்து என்ன வேண்டும் என்று கேட்டதாகவும், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. கொழும்பில் பலர் வாயில் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். தனக்கென்று பட்டமோ காணியோ கேட்காமல் ஜும்ஆ நாளைக் கேட்ட மனிதராக அவரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. ஸ்மிதரைத் தாள் காப்பாற்றியது, மரைக்காரை வாய்ப்பேச்சு காப்பாற்றியது. வாய்ப்பேச்சு இரண்டு தலைமுறை பேசாமல் விட்டால் போய்விடும். அதுதான் எனக்குக் கவலை.

முன் மண்டபத்துத் தூண்களுக்கிடையே நின்று பார்த்தால் கொத்தின் நேர்த்தி தெரியும். வளைவுகளின் விளிம்பு ஒன்றுக்கொன்று மயிரிழை பிசகாமல் நிற்கிறது. ஒரு வளைவைத் தாளில் கவராயத்தால் போடலாம். அதைக் கல்லும் சுண்ணாம்புமாக வரிசையாகத் தூக்கி நிறுத்த, மரச்சட்டம் அடித்து, சாந்து இறுகும் வரை பொறுத்து, சட்டத்தைப் பதமாக இறக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும். அப்பா இருந்திருந்தால் சட்டத்தை எத்தனை நாளில் இறக்கியிருப்பார்கள் என்று சொல்லியிருப்பார்.

கல்வெட்டுப் பகுதியில் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்தளபதி செங் ஹோ கொண்டுவந்தது. 1409ஆம் ஆண்டுத் திகதி இட்டது. சீனத்தில் புத்தருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழில் தெற்குக் கரைக் கோயில் தெய்வமான தேனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று அடுக்கிக்கொண்டே போகும் பட்டியல். 1911இல் காலியில் ஒரு பொறியியலாளர் கண்டெடுக்கும்போது இது மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்தது. எழுத்துப் பக்கம் கீழே பார்த்துக் கிடந்ததால் தமிழ் தேயாமல் தப்பியது என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. என் கண்ணுக்குத் தெரிந்தவரை, பாரசீகப் பகுதிதான் நன்றாகத் தேய்ந்திருக்கிறது.

நூதனசாலை நூலகத்தின் ஓலைச்சுவடிகளை என்னால் முழுதாகப் பார்க்க இயலவில்லை. கண்ணாடிக்குள் இருந்தவற்றோடு நின்றேன். சிங்கள, பாளிச் சுவடிகள் பெரும்பாலும் தாளிப்பனை ஓலை: அகலமானது, அவித்துக் காயவைத்துப் பதப்படுத்தியது. எங்கள் பக்கத்துச் சுவடிகள் பனையோலை: ஒடுக்கமானது, விறைப்பானது. இரண்டிலும் எழுத்தாணியால் கீறிவிட்டு மேலே கரி பூசித் துடைப்பார்கள். கீறலுக்குள் கறுப்புத் தங்கும். ஓலை கிழியக்கூடாது என்று தமிழ்ச் சுவடிகளில் புள்ளி வைக்காமல் விடுவது வழக்கம். ஒரு கட்டுக்குத் துளையில் நூல் போடாமல் மூங்கில் குச்சி செருகியிருந்தது. அந்தத் துளையைச் சுற்றி எழுத்து இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டிருந்தது. எழுதியவர் முதலில் துளையைக் குறித்துக்கொண்டு பிறகு வரியை ஓட்டியிருக்கிறார். நாங்கள் படத்தில் தூணை முதலில் வைத்துவிட்டுச் சுவரை ஓட்டுகிற மாதிரி.

இங்கே சேவை செய்த ஹியூ நெவில் என்ற அதிகாரி திரட்டிய இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் 1904இல் பிரித்தானிய நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. நாட்டை விட்டுப் போனவை இன்று லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்லி ஆறுதல் அடையச் சிலரால் முடியும். 1981 யூனில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 வரையான நூல்களையும் ஏடுகளையும் நினைக்கும்போது எனக்கும் அந்த வாதத்தை உடனே தள்ளிவிட முடியவில்லை. ஆனால் லண்டனுக்குப் போய்ப் பார்க்க எங்களில் எத்தனை பேருக்கு இயலும்? படியெடுத்தாவது திருப்பித் தர வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு.

புதன்

காலையிலேயே மழை. பத்து மணிக்கு மேல் கோட்டைக்குப் போனேன்.

ஒல்லாந்தர் கோட்டையின் பழைய படங்கள் பல ஹேக் நகரத்துத் தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. இணையத்தில் பார்த்துக் கையால் ஒரு படி வரைந்து கொண்டு வந்திருந்தேன். கொத்தளங்களுக்கு லெய்டன், டெல்ஃப்ட், ரொட்டர்டாம், மிடில்பேர்க், அம்ஸ்டர்டாம் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு இன்று நடந்தால் கால் வைக்க மதில் இல்லை. 1869 முதல் ஆங்கிலேயர் மதில்களை இடித்துத் தள்ளிவிட்டார்கள். பிரிஸ்டல் வீதியில் ஒரு வங்கி வளவுக்குள் டெல்ஃப்ட் வாசல் மட்டும் தப்பி நிற்கிறது. காவலாளியிடம் தமிழில் கேட்டேன். பதுளைக்காரர், சந்தோசமாகக் காட்டினார். வளைவுக்குக் கீழே நின்று தாளைத் திருப்பித் திருப்பி வைத்துத் திசையைச் சரிசெய்தபோது, சுற்றியுள்ள உயர்ந்த கட்டடங்களுக்கு அடியில் பழைய கோட்டின் போக்கு பிடிபட்டது. ஒல்லாந்தர் மருத்துவமனை இருக்கும் இடமும் சரியாகப் பொருந்தியது.

சதாம் வீதி மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் முடிந்தது. வடிவமைத்தவர் தேசாதிபதி ஹென்றி வார்டின் மனைவி. பிறகு அதன் உச்சியில் கலங்கரை விளக்கும் ஏறியது. பெண் ஒருத்தி வரைந்த கோபுரம் இந்த நகரத்தின் நடுவில் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நிற்கிறது என்று எனக்கு யாரும் படிக்கிற காலத்தில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வியாழன்

இன்று அண்மைக்காலத்துத் தாள்கள்.

பட்ரிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்காக ஒரு நகரத் திட்ட அறிக்கை எழுதினார். தஞ்சாவூருக்கும் மதுரைக்கும் அறிக்கை எழுதிய அதே மனிதர். இடித்துவிட்டு நேர்கோட்டில் தெரு போடுவதை அவர் வெறுத்தார். முதலில் நடந்து பார், இருக்கிறதைப் படம் போடு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கை வை என்பது அவர் முறை. கொழும்பைத் தோட்ட நகரமாகப் பார்த்தார். கறுவாத்தோட்டத்து மரநிழலில் நடக்கும்போது அந்த எண்ணம் எங்கே பலித்தது என்பது தெரியும். கொம்பனித் தெருவில் நடக்கும்போது எங்கே பலிக்கவில்லை என்பதும் தெரியும்.

பின்னேரம் 33ஆம் ஒழுங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் வீடு. முன்கூட்டியே சொல்லி வைத்துத்தான் போக வேண்டும். வரிசையாக நின்ற நாலு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக்கியிருக்கிறார். உள்ளே ஒரு சிறு முற்றத்தில் செட்டிநாட்டு மரத்தூண்கள். வானத்தின் வெளிச்சம் அவற்றின் மேல் நேராக விழுகிறது.

எனக்கு அவரைவிட அவருடைய அலுவலகத்தின் படங்கள் மேல் பெரிய மரியாதை. மெல்லிய தாளில் கறுப்பு மையால் வரைந்தவை. சாதாரணப் படத்தில் மரம் என்றால் ஒரு வட்டம். இவர்களுடைய படத்தில் தென்னை தென்னையாகவும் கோயில் முன்றலில் நிற்கும் அலரி அலரியாகவும் இருக்கும். ஒரு பாறை நிலத்தில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கோட்டில் ஏறும்; சுவர் அதற்கு வழிவிட்டு வளையும். லக்கி சேனாநாயக்க போன்ற ஓவியர்கள் அங்கே இருந்து வரைந்தார்கள். அந்த அலுவலகத்தின் மூலப்படங்களை 2022இல் கொழும்பில் ஒரு கண்காட்சியாக வைத்தபோது எரிபொருள் நெருக்கடியால் என்னால் வர முடியாமல் போனது.

இதையும் எழுத வேண்டும்: பாவாவோடு நெடுங்காலம் பங்காளியாக இருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். கூரை எவ்வளவு தூரம் தாங்கல் இல்லாமல் நீளலாம், தூண் எவ்வளவு மெலியலாம் என்று கணக்குப் போட்டு ஒரு கட்டடக் கலைஞரின் கோட்டை நிற்க வைப்பது பொறியியலாளர்தான். பாவாவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள்கூட அவரை ஒரு வரியில் தாண்டிப் போகிறார்கள்.

வெள்ளி

ஜும்ஆக் கூட்டம் சேருவதற்கு முன் புறக்கோட்டையை முடிக்க வேண்டும் என்று சித்தப்பாவை ஏழு மணிக்கே கிளப்பினேன்.

இரண்டாம் குறுக்குத் தெரு, சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல். சிவப்பும் வெள்ளையுமாக வரி வரியாக, மாதுளம்பழ வடிவக் குமிழ்களோடு எழும்பி நிற்கிறது. 1908இல் தொடங்கி 1909இல் முடித்தார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் பணம் போட்டார்கள். வடிவமைத்துக் கட்டியவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. கட்டடக் கலைக்கு அனுமதிப் பத்திரம் பெற்றவர் அல்ல. வணிகர்கள் காட்டிய படங்களைப் பார்த்துத் தன் மனக்கணக்கில் எழுப்பினார் என்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் வரைந்தவரும் கட்டியவரும் ஒரே ஆளாக இருப்பது இந்தக் கட்டடம்தான்.

எதிர்ப்பக்கம் நின்று வரிகளை எண்ணத் தொடங்கினேன். சிவப்பு வரி தூணின் மூலையில் திரும்பும்போது அடுத்த முகத்து வரியோடு சரிமட்டத்தில் சேர்கிறது. வளைவில் அதே வரி கதிர் மாதிரி விரிகிறது. ஒரு தாளில் போடவே எனக்கு அரைநாள் எடுக்கும். பிடவைக் கடை முதலாளி ஒருவர் வெளியே வந்து என்ன வரைகிறேன் என்று பார்த்தார். "எங்கட வாப்பா சொல்லுவாரு, அந்தக் காலத்துல கப்பல்காரங்களுக்கு இதுதான் அடையாளம்னு" என்றார். அவருக்குச் சாய்பு லெப்பையின் பெயர் தெரிந்திருந்தது. எனக்கு அது பெரிய சந்தோசம்.

அங்கிருந்து ஏறி வுல்வெண்டால் தேவாலயம். 1749இல் அத்திவாரம், 1757இல் வழிபாடு. சிலுவை வடிவத் தரைப்படம், ஏறத்தாழ ஐந்தடி தடிப்பான சுவர். கதவோரத்தில் என் கையை நீட்டி அளந்தேன். விரல் நுனி மறுவிளிம்பைத் தொடவே காணோம். கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கல்லறைக் கற்களை 1813இல் இங்கே கொண்டுவந்து பதித்தார்கள். கொழும்பில் பிறந்த தமிழர் பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, ஒல்லாந்தரின் அச்சகத்தில் 1759இல் தமிழில் அச்சானது இதே கொழும்பில்தான். நல்லூருக்கும் சென்னைக்கும் முன்பே இங்கே தமிழ் அச்சு எழுத்துக் கோத்த கைகள் இருந்தன என்பதைத் தமிழ் அச்சு வரலாறு பேசுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

சனி

காலையில் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் தொடங்கியது. நூலகத்தில் பழைய கோயில் கும்பாபிஷேக மலர்களைப் புரட்டினேன். இவற்றை யாரும் கட்டடக்கலை ஆவணமாக மதிப்பதில்லை. ஆனால் ஸ்தபதியின் பெயர், கல் வந்த ஊர், திருப்பணிச் சபையின் வரவு செலவு எல்லாம் இந்த மலர்களுக்குள்தான் கிடக்கின்றன. தேசாதிபதிகளின் தாளில் இல்லாத பெயர்கள் இங்கே வாழ்த்துச் செய்திகளுக்கு நடுவில் இருக்கின்றன. வீட்டில் வைத்திருப்பவர்கள் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். நூலகம் நிறுவனத்தார் 2005 முதல் இப்படிப்பட்டவற்றை எண்ணிமப்படுத்தி இணையத்தில் ஏற்றி வருகிறார்கள், அவர்களிடம் கொடுங்கள்.

மாலையில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டியது. மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டுவித்தார். தென்னிந்தியச் சிற்பிகள் வந்து செதுக்கினார்கள். உள்ளே போனால் தெருச் சத்தம் அறுந்துவிடும். குருக்களிடம் கேட்டு, சாயரட்சைக்கு முன் ஒரு தூணை மட்டும் அளந்தேன்: சித்தப்பா நாடாவின் நுனியைப் பிடித்தார். அடிச் சதுரம், அதன் மேல் எட்டுப் பட்டை, பிறகு பதினாறு, மீண்டும் சதுரம், மேலே உத்தரத்தைத் தாங்கும் போதிகை. பட்டைகள் சந்திக்கும் இடத்தில் உளி பட்ட தழும்பை விரலால் தடவலாம். ஒரு முகத்தில் தழும்பு வலமாகச் சாய்ந்தும் அடுத்த முகத்தில் இடமாகச் சாய்ந்தும் ஓடுகிறது. இரண்டு பேர் இரண்டு பக்கம் இருந்து செதுக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தூணின் படத்தை இரவு சித்தி வீட்டு மேசையில் முடித்தேன். மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' வரிக்குக் கீழே 'கட்டியவர்' என்று புது வரி ஒன்று போட்டு, 'தென்னிந்தியச் சிற்பிகள், பெயர் தேட வேண்டும்' என்று எழுதினேன். பிறகு அலுவலகப் பெரியவருக்குத் தொலைபேசி எடுத்து, எங்கள் எல்லாப் படங்களிலும் இந்த வரியைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒப்பந்தக்காரரின்ர பெயரா, மேசனின்ர பெயரா?" என்றார். இரண்டும் என்றேன். திங்கட்கிழமை வந்து மாதிரிக் கட்டத்தை வரைந்து காட்டச் சொன்னார்.